அறுபத்தொன்றாம் எண் பயனர்

நூற்று நாற்பத்து மூன்று மணி நேரம் ஆகியிருந்தது, அறுபத்தொன்றாம் எண் பயனர் ஷெல்லைத் திறந்து. இன்னும் மூடவில்லை.

திங்கள்கிழமைக் காலைக் கூட்டத்தில் தலைவர் இந்தச் செய்தியை எழுந்து நின்று அறிவித்தார். சுவரில் விழுந்த வரைபடத்தில் மற்ற பயனர்கள் எல்லோரும் தரையோடு தரையாகப் புல் மாதிரி கிடந்தார்கள். அறுபத்தொன்று மட்டும் நடுவில் விளக்குக் கம்பம் மாதிரி நின்றது.

"நூத்தி நாப்பத்திமூணு! தூங்குறாரா, சாப்பிடுறாரான்னே தெரியல. ஒரு மனுஷன் நம்ம ஷெல்லைக் கட்டிக்கிட்டு இப்படிக் கிடக்குறார்னா, நாம எதையோ சரியாப் பண்ணியிருக்கோம்னு அர்த்தம்."

எல்லோரும் கைதட்டினார்கள். மேசையின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணும் தட்டினாள், சத்தம் வராமல்.

அவள் அங்கே டெஸ்டர். மற்றவர்கள் செய்ததை உடைத்துப் பார்த்து, எங்கே உடைந்தது என்று எழுதி வைப்பது வேலை. இயற்பியல் படித்துவிட்டு இந்தப் பக்கம் வந்தவள். இரண்டு வருடத்தில் கூட்டங்களில் மொத்தம் நான்கு முறை பேசியிருக்கிறாள். அதில் மூன்று "ஆமா சார்". வீடியோ கூட்டங்களில் அவள் பெயருக்குப் பக்கத்தில் மைக் அணைந்தே இருக்கும் என்பதால் 'மியூட்டு' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவளுக்கு அதில் வருத்தமில்லை. கூப்பிட்டால் திரும்பிப் பார்த்தால் போதும் என்கிற பெயர்.

அந்த நிறுவனம் நிரல் எழுதுபவர்களுக்கான எடிட்டர் ஒன்றைத் தயாரிக்கிறது. ஷெல் என்பது வேறு. அது ஒரு சின்னச் சன்னல். ஒரு வரி நிரலைத் தட்டினால் உடனே செய்து பார்த்து விடை சொல்லும், தப்பாகத் தட்டினால் உடனே திட்டும். முன்பெல்லாம் எடிட்டரில் எழுதிய வரியை நகலெடுத்துக்கொண்டு ஷெல்லுக்குப் போய் ஒட்ட வேண்டும். விடையைப் பார்த்துக்கொண்டு திரும்பி வர வேண்டும். ஒரு நாளைக்கு முந்நூறு தடவை இப்படி அலைந்தவர்களுக்காக, இரண்டையும் ஒரே கூரையின் கீழ் குடிவைப்பது என்று முடிவானது.

குடிவைத்தவர் அக்கா. குழுவில் மூத்த நிரலாளர், எல்லோருக்கும் அக்கா. மாமியாரையும் மருமகளையும் ஒரே வீட்டில் வைக்கிற வேலை அது என்று அவரே சொல்வார். எடிட்டர் ஒன்று சொல்லும், ஷெல் காதில் வாங்காது. ஷெல் மூச்சு முட்டி நின்றால் எடிட்டரும் கூடவே மயங்கி விழும். முடிவே இல்லாமல் சுற்றுகிற நிரலை யாராவது தெரியாமல் ஓடவிட்டால் ஷெல்லை மட்டும் நிறுத்தி எடிட்டரைக் காப்பாற்ற ஒரு வழி வேண்டும். அதற்காக அக்கா இரண்டு வாரம் எழுந்திருக்காமல் உட்கார்ந்து செய்ததுதான், மூலையில் இருந்த சிவப்பு நிறுத்து பட்டன்.

"இப்போ விஷயத்துக்கு வரேன்," என்றார் தலைவர். "இந்த நூத்தி நாப்பத்திமூணு மணி நேரத்துல ஐயா அந்தச் சிவப்பு பட்டனை எத்தனை தடவை அமுக்கியிருக்கார் தெரியுமா?"

விரலால் காற்றில் ஒரு வட்டம் போட்டுக் காட்டினார்.

"பூஜ்யம்! ஒரு தடவைகூட இல்ல. அப்புறம் எதுக்கு அது அங்க, பொட்டு வச்ச மாதிரி? அடுத்த ரிலீஸ்ல தூக்கிடுவோம்."

"சார், அது தேவைப்படும்போதுதான் தேவைப்படும்," என்றார் அக்கா. "தீயணைப்பான் மாதிரி."

"தீ எங்கம்மா? தீயைக் காட்டுங்க."

"தீ வந்தப்புறம் காட்டுறதுக்கு எடிட்டரே இருக்காது சார்."

"இது உங்க அபிப்பிராயம். இது" என்று சுவரைத் தட்டினார் தலைவர், "தரவு." அவருக்கு எல்லாவற்றுக்கும் ஒரு வரைபடம் வேண்டும். வீட்டில் குழம்பில் உப்புப் போதாது என்று சொல்வதற்குக்கூடக் கோடு போட்டுத்தான் காட்டுவார் என்று அலுவலகத்தில் பேச்சு.

மியூட்டு மேசையின் அடிப்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யாரோ எப்போதோ ஒட்டிய சூயிங்கம் ஒன்று கல்லாகிக் கிடந்தது. பட்டனை ஐயா ஏன் அமுக்கவில்லை என்று அவளுக்குத் தெரியும். ஐயாவுக்கு விரல் கிடையாது.

அறுபத்தொன்று என்பது பிரிண்டருக்குப் பின்னால் அலமாரியின் அடித்தட்டில் இருந்த ஒரு பழைய லேப்டாப். மூடி ஒட்டாது, பேட்டரி செத்துவிட்டது, செருகி வைத்தால் மட்டும் உயிர். நான்கு மாதத்துக்கு முன் அவள் அதில் ஒரு சோதனையை ஏற்றினாள். அது எடிட்டரைத் திறக்கும், ஷெல்லைத் திறக்கும், இரண்டும் இரண்டும் எவ்வளவு என்று கேட்கும், நான்கு என்று வந்ததா பார்க்கும், இன்னும் பத்து வரி தட்டும், பத்து நிமிடம் கழித்து மறுபடி தட்டும். ஷெல் நாள்கணக்கில் திறந்தே இருந்தால் மூச்சு வாங்குகிறதா என்று பார்ப்பதுதான் நோக்கம். வாங்கவில்லை. அக்காவின் வேலை அப்படி.

அலுவலகத்தின் சொந்த இயந்திரங்கள் பயனர் கணக்கில் சேரக் கூடாது. அதற்கு ஒரு பட்டியல் உண்டு, பட்டியலில் சேர்க்க ஒரு படிவம் உண்டு. படிவத்தின் கடைசி வரி: 'இந்த இயந்திரம் ஏன் தேவை என்பதைத் தலைவரிடம் நேரில் விளக்கிக் கையொப்பம் பெறவும்.'

நேரில் என்ற சொல்லை அவள் இரண்டு தடவை படித்தாள். ஆனாலும் போனாள். முதல் தடவை தலைவர் போனில் இருந்தார், திரும்பிவிட்டாள். இரண்டாம் தடவை அவர் போனில் இல்லை, அது இன்னும் மோசம், கதவைத் தாண்டி நேராகத் தண்ணீர்க் குழாய் வரை நடந்து ஒரு டம்ளர் குடித்தாள். மூன்றாம் தடவை அவர் நிமிர்ந்து "என்னம்மா?" என்று கேட்டேவிட்டார்.

"ஒண்ணுமில்ல சார். ஏசி ரிமோட்."

ரிமோட்டைக் கொடுத்தார். கேட்டதற்காக ஏசியைக் கூட்டிவைத்தாள். அன்று முழுக்க எல்லோரும் குளிரில் நடுங்கினார்கள். அவளுக்குத் திருப்பிக் கொடுக்கப் போகவும் கூச்சம். படிவம் இழுப்பறைக்குள் போனது. லேப்டாப்புக்கு எடிட்டர் தானாகவே ஓர் எண் கொடுத்தது. அறுபத்தொன்று.

என்ன தட்டுகிறார்கள் என்பதை எடிட்டர் பதிவுசெய்யாது. அது பயனரின் அந்தரங்கம் என்பதில் தலைவருக்குப் பெருமை. எவ்வளவு நேரம், எத்தனை முறை என்பது மட்டும்தான் பதிவாகும். ஆகவே இரண்டும் இரண்டும் நான்கு என்று ஒருவர் நாள் பூராவும் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பது யாருக்கும் தெரியவில்லை. போன செவ்வாய் பத்தே முக்காலுக்குக் கட்டடத்தில் மின்சாரம் போனது. அதே பத்தே முக்காலுக்கு அறுபத்தொன்று ஷெல்லை மூடினார். பதினோரு மணிக்கு மின்சாரம் வந்தது, அவள் லேப்டாப்பைத் தட்டி எழுப்பினாள். பதினோரு மணிக்கு அறுபத்தொன்று திரும்பி வந்தார். இதையும் தலைவர் வரைபடத்தில் சுட்டிக்காட்டினார். "கால் மணி நேரம் ஓய்வு. மனுஷன்தானே."

அந்த மனுஷனுக்கு மெல்ல மெல்லக் கை கால் முளைத்தது. முதல் மாதம் வெறும் எண். இரண்டாம் மாதம் "நம்ம அறுபத்தொண்ணு". மூன்றாம் மாதம் வடிவமைப்பாளர் ஒரு படம் வரைந்து சுவரில் ஒட்டினார்: நரைத்த தாடி, கண்ணாடி, மடியில் ஒரு பூனை. கீழே குறிப்பு: 'வயது ஐம்பத்தெட்டு. தனிமை விரும்பி. கணித நாட்டம். அலங்காரம் பிடிக்காது.' வயது எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, "இவ்வளவு பொறுமை இளவயசுக்காரங்களுக்கு வராதுங்க" என்றார் வடிவமைப்பாளர். அன்றிலிருந்து ஐயா ஆனார்.

ஐயாவின் பெயரால் காரியங்கள் நடந்தன. ஷெல் திறந்ததும் வரும் வரவேற்பு வாசகத்தை அவர் நொடியில் ஐந்தில் ஒரு பங்குகூடப் படிக்காமல் தட்டத் தொடங்குகிறார், வரவேற்பு போனது. உதவிப் பக்கத்தை அவர் திறந்ததே இல்லை. உதவிப் பக்கம் போனது. எழுத்தைப் பெரிதாக்கும் வசதியும் போனது. அதுவரை மியூட்டு பேசாமல் இருந்தாள். வரவேற்பு இல்லாவிட்டால் யாரும் செத்துவிடப் போவதில்லை என்று மனதைச் சமாதானப்படுத்தினாள். நாள் ஆக ஆகச் சொல்வது கடினமாகிக்கொண்டே போனது. முதல் நாள் சொல்லியிருந்தால் அது மறதி. இப்போது சொன்னால் நான்கு மாதப் பொய்.

பயனர்களின் கடிதங்களைப் படிப்பதும் டெஸ்டரின் வேலைதான். செவ்வாய்க்கிழமை காலை ஒன்று வந்திருந்தது. ஒரு கல்லூரிக் கணினி ஆய்வகத்தின் பொறுப்பாளர், ஓர் அம்மாள், எழுதியிருந்தார்.

'சிவப்பு பட்டனை எடுக்கப் போவதாக நேற்று மாலை வந்த உங்கள் அறிவிப்பில் பார்த்தேன். என் ஆய்வகத்தில் பதினான்கு கணினிகள், முப்பத்திரண்டு பிள்ளைகள். முதல் வருடம். நிரலைச் சுற்ற வைக்கும் வட்டம் போடக் கற்றுக்கொள்கிறார்கள், வட்டத்தை முடிக்க இன்னும் கற்கவில்லை. ஒரு வகுப்பில் குறைந்தது இருபது தடவை அந்த பட்டன்தான் என்னைக் காப்பாற்றுகிறது. அது இல்லாவிட்டால் எடிட்டரையே மூட வேண்டும்; பிள்ளை ஒரு மணி நேரம் எழுதியது போய்விடும். போன வருடம் உங்கள் பழைய பதிப்பில் அப்படிப் போனபோது ஒரு பெண் இந்தப் பாடமே வேண்டாம் என்று எழுந்து போனாள், திரும்ப வரவில்லை. தயவுசெய்து எடுக்காதீர்கள்.'

அவள் கடிதத்தை அச்செடுத்து அக்காவின் மேசையில் வைத்தாள். அக்கா படித்தார், அப்படியே எழுந்து தலைவர் அறைக்குப் போனார். கதவு திறந்திருந்ததால் எல்லாம் கேட்டது.

"ஒரே ஒரு ஆள்மா. ஒரே ஒரு லெட்டர்."

"முப்பத்திரண்டு பிள்ளைங்க சார்."

"பிள்ளைங்க நாளைக்கு வேற எதையாவது கத்துப்பாங்க. ஐயா நூத்தி அறுபத்தி எட்டு மணி நேரம் தாண்டப் போறார். வெள்ளிக்கிழமை தலைமையகத்து மேடம் பார்க்கப் போறாங்க. ஷெல்லுக்கு ஆள் இருக்கா இல்லையான்னு அவங்க கேக்கப் போறாங்க. ஆள் இல்லன்னா இந்த டீமே இல்ல. நீங்களும் இல்ல, நானும் இல்ல. நமக்கு ஆள் யாரு? ஐயா. ஐயாவுக்குப் பிடிக்காத பட்டனை வச்சுக்கிட்டு அவரையும் விரட்டிட்டு என்ன பண்ணுவீங்க?"

"பிடிக்கலன்னு அவர் சொன்னாரா?"

"அமுக்கலையே! அதைவிட வேற எப்படிம்மா சொல்லுவாங்க?"

அக்கா வெளியே வந்து மியூட்டுவின் பக்கத்து நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். அக்காவுக்குக் குழந்தை பிறந்து ஏழு மாதம். வேலைக்குத் திரும்பி மூன்று மாதம். மேசையில் குழந்தையின் ஒற்றைக் காலுறை ஒன்று, பையோடு வந்துவிட்டது போல, கிடந்தது.

"எனக்கு மட்டும் அந்த ஐயா கையில கிடைச்சார்னா," என்றார் அக்கா, "பூனையோட சேர்த்துக் கேட்பேன் நாலு கேள்வி. நீ என்னடி சொல்ற?"

மியூட்டு வாயைத் திறந்தாள். பிறகு அந்தக் காலுறையை எடுத்து மடித்தாள்.

"சரி விடு. நீ எங்க சொல்லப் போற," என்று அவள் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு அக்கா எழுந்துபோனார்.

அன்று மாலை வீட்டில், அண்ணி சமையலறை மேடையில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். அண்ணி பல் மருத்துவரிடம் உதவியாளர்.

"மூஞ்சி ஏன் பஞ்சு அடைச்ச வாய் மாதிரி இருக்கு?"

"ஒண்ணுமில்ல அண்ணி."

"பாரு, நாள் பூரா ஜனங்களை வாயைத் திறக்க வைக்கறதுதான் என் பொழப்பு. பெரிய பெரிய மீசைக்காரனெல்லாம் திறந்திருக்கான். நீ எம்மாத்திரம்? சொல்லு."

அவள் சொன்னாள். பாதி. ஒரு லேப்டாப் இருக்கிறது, அதை ஆள் என்று நினைத்துவிட்டார்கள் என்று. அண்ணி கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

"தாடி வேற வச்சாங்களா?"

"பூனையும் அண்ணி."

"ஐயோ கடவுளே. நாளைக்குப் போய்ச் சொல்லிடு."

"எப்படி அண்ணி சொல்றது? எல்லாரும் பார்ப்பாங்க."

"பார்க்கத்தான் செய்வாங்க. கண்ணை மூடிக்கிட்டா கேப்பாங்க?"

மியூட்டு நறுக்கிய பீன்ஸை அள்ளிப் பாத்திரத்தில் போட்டாள். அன்று படுக்கும் முன், சுவரில் காட்டிய வரைபடத்துக்கு அடிப்படையான அட்டவணையை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு காரியம் செய்தாள். அறுபத்தொன்றாம் வரிசையை நீக்கினாள். மிச்சமெல்லாம் புல். ஆனால் அந்தப் புல்லில் பதினான்கு எண்கள் ஒரே கல்லூரியின் பெயரில் இருந்தன. ஒவ்வொன்றும் வாரத்துக்கு ஏழு மணி நேரம். தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றுமில்லை. கூட்டினால் தொண்ணூற்றெட்டு. ஐயா இல்லாத உலகத்தில் ஷெல்லை அதிகம் பயன்படுத்துகிறவர் அந்த ஆய்வகத்து அம்மாள்தான். சிவப்பு பட்டனை அதிகம் அமுக்கியதும் அவர் ஆய்வகம்தான்.

பேசாமலே காரியத்தை முடித்துவிடலாம் என்று அவளுக்குத் தோன்றியது அப்போதுதான். ஐயா போய்விட்டால் போதும். தலைவர் தானாக அடுத்த வரிசையைப் பார்ப்பார். யாரும் யாரிடமும் எதையும் விளக்க வேண்டியதில்லை. கூச்சம் உள்ளவர்களுக்கு இந்த மாதிரித் திட்டங்கள் மிகச் சரியாக இருப்பதாகத் தோன்றும்.

புதன்கிழமை மதியம் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தபோது, பிரிண்டரில் காகிதம் வைக்கிற பாவனையில் குனிந்து பிளக்கைப் பிடுங்கினாள். லேப்டாப்பின் சின்ன விசிறி ஒரு பெருமூச்சு விட்டு நின்றது. மணி ஒன்று ஏழு.

அவளுக்குத் தெரியாத ஒன்று இருந்தது. அதே நாள் சரியாக ஒரு மணிக்கு, தலைவரின் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாமல், முந்தின நாள் வாரச் சோதனைப் பதிப்பிலிருந்து எடுக்கப்பட்ட சிவப்பு பட்டனைத் திரும்ப வைத்து அனுப்பியிருந்தார் அக்கா.

இரண்டரை மணிக்குத் தலைவர் அறையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. கால் இடறியவர் போடுகிற சத்தம்.

"ஐயாவைக் காணோம்!"

எல்லோரும் ஓடினார்கள். வரைபடத்தில் விளக்குக் கம்பம் ஒரு மணி ஏழு நிமிடத்தில் வெட்டியது போல் நின்றிருந்தது. முதலில் கால் மணி நேர ஓய்வு என்றார்கள். பிறகு சாப்பாட்டு நேரம் என்றார்கள். ஐந்து மணிக்கு வடிவமைப்பாளர், "உடம்பு கிடம்பு சரியில்லையோ? தனியா வேற இருக்கார்" என்றார். பூனையை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று ஒருவர் கேட்டார். அதை யாரும் வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை.

வியாழக்கிழமை, இணைய இணைப்பு வேலைகளைப் பார்க்கும் ஊழியரைக் கூப்பிட்டு ஐயா எங்கிருந்து வந்துகொண்டிருந்தார் என்று பார்க்கச் சொன்னார் தலைவர். ஊழியர் பார்த்தார். தலையைச் சொறிந்தார்.

"சார், இது நம்ம கட்டட முகவரி மாதிரி இருக்கு."

மியூட்டு பிரிண்டர் பக்கம் பார்த்தாள். முடிந்தது, இனி நான் ஒன்றும் சொல்ல வேண்டாம், அவர்களே கண்டுபிடித்துவிட்டார்கள் என்று ஒரு நொடி நிம்மதிகூட வந்தது.

"பார்த்தீங்களா!" என்று குதித்தார் தலைவர். "இங்கேயே, நம்ம தலைக்கு மேலயே எங்கயோ உக்கார்ந்து நம்ம ஷெல்லைப் பயன்படுத்தியிருக்கார் மனுஷன்! தினம் லிஃப்ட்ல பார்த்திருப்போம்!"

கட்டடத்தில் ஆறு மாடி, எல்லா மாடிக்கும் ஒரே இணைப்பு. வடிவமைப்பாளர் ஒரு பூங்கொத்தோடு மாடி மாடியாக ஏறினார். மூன்றாம் மாடிக் காப்பீட்டு அலுவலகத்தில் தாடி வைத்த ஒருவர் இருந்தார். பூங்கொத்தை வாங்கிக்கொண்டார், பிறந்தநாள் அடுத்த மாதம்தான் என்றார், ஷெல் என்றால் பெட்ரோல் பங்க்கா என்று கேட்டார். திரும்பி வரும்போது வடிவமைப்பாளர் பிரிண்டர் அருகே நின்று வியர்வையைத் துடைத்தார். அவருடைய காலுக்கு ஒரு சாண் தள்ளி ஐயா கிடந்தார்.

அன்று மாலை தலைவர் புதிய வரைபடம் போட்டார். அதில் இரண்டே இரண்டு கோடுகள்.

"புதன் ஒரு மணி: பட்டன் திரும்ப வருது. நான் வேணாம்னு சொன்ன பட்டன். ஒண்ணு ஏழு: ஐயா போயிட்டார். ஏழே ஏழு நிமிஷம்." அக்காவின் பக்கம் திரும்பினார். "இதுக்கு மேல என்னம்மா ஆதாரம் வேணும்?"

"சார், அந்தப் பதிப்பை யாருமே அதுக்குள்ள இறக்கியிருக்க முடியாது—"

"ஏழு நிமிஷம்மா!"

"ஏழு நிமிஷத்துல சோறுகூட வேகாது சார்!"

தலைவர் கேட்கவில்லை. முடிவு ஏற்கெனவே தட்டச்சாகியிருந்தது. அக்காவைக் குழுவிலிருந்து எடுப்பது; வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில், தலைமையகத்து மேடத்தின் முன்னால், ஐயாவுக்கு ஒரு பகிரங்க மன்னிப்புக் கடிதத்தை அக்கா வாசிப்பது; அதை எடிட்டரின் முகப்பில் போடுவது; பட்டனை நிரந்தரமாக நீக்குவது. கடிதத்தை வடிவமைப்பாளர் எழுதிக் கொடுத்தார். ஓரத்தில் பூனையின் கால்தடம் போட்டிருந்தார்.

அக்கா அதைக் கையில் வாங்கிக்கொண்டு இடத்துக்கு வந்தார். மேசை இழுப்பறையைத் திறந்து தன் சாமான்களை ஒவ்வொன்றாகப் பைக்குள் போட்டார். ஸ்டேப்ளரை எடுத்துப் பார்த்துவிட்டு, அது அலுவலகத்துடையது என்று திரும்ப வைத்தார். மியூட்டு பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"என் வீட்டுக்காரருக்கும் இப்போ வேலை இல்லடி," என்றார் அக்கா, பையைப் பார்த்தபடி. "யார்கிட்டயும் சொல்லல. நீ சொல்ல மாட்டேன்னு தெரியும், அதான் உன்கிட்ட சொல்றேன்."

வீடு போய் அவள் அண்ணியிடம் மிச்சப் பாதியையும் சொன்னாள். படிவம், ரிமோட், பிளக், ஏழு நிமிடம். அண்ணி இந்த முறை சிரிக்கவில்லை. ஈரக் கையைத் துண்டில் துடைத்தாள்.

"உன் கூச்சம் இவ்வளவு நாள் உன்னை மட்டும் கடிச்சுது," என்றாள். "இப்போ பக்கத்து ஆளைக் கடிக்குது. நான் வேற என்ன சொல்ல? தட்டு வை, சாப்பிடலாம்."

வெள்ளிக்கிழமை பத்து மணி. மேசையைச் சுற்றி எல்லோரும். சுவர்த் திரையில் தலைமையகத்து மேடம், பின்னால் புத்தக அலமாரி, முகத்தில் இன்னும் மூன்று கூட்டம் இருக்கிறது என்கிற களைப்பு. மியூட்டு வழக்கமான ஓரத்து நாற்காலியில். மடியில் ஒரு தாள்: வரிசை நீக்கிய அட்டவணை. பேச முடியாவிட்டால் இதை யார் கையிலாவது கொடுத்துவிடலாம் என்று காலையில் அச்செடுத்தது. அப்படிக் கொடுத்தால் தலைவர் அதற்கும் ஒரு வரைபடம் போடுவார் என்று இப்போதுதான் புரிந்தது.

தலைவர் ஐயாவின் கதையைத் தொடக்கத்திலிருந்து சொன்னார். வளர்ச்சி, உச்சம், வீழ்ச்சி. கடைசியில் குரல் கொஞ்சம் தழுதழுத்தது. நடிப்பில்லை, அவர் உண்மையாகவே வருந்தினார்.

"இந்தத் தப்புக்குப் பொறுப்பானவங்க இப்போ மன்னிப்பு வாசிப்பாங்க மேடம்."

அக்கா எழுந்தார். தாளைப் பிரித்தார்.

"மதிப்புக்குரிய ஐயா," என்று தொடங்கினார். "எங்கள் பட்டன் ஒன்றினால் தங்கள் மனம் புண்பட்டிருந்தால்…" நிறுத்தினார். "தங்கள் மனம் புண்பட்டிருந்தால்…"

மூன்றாம் தடவை அதே வரியைத் தொடங்கும்போது அக்காவின் குரல் உடைந்தது. அழுகையா ஆத்திரமா என்று தெரியவில்லை.

ஓரத்தில் ஒரு நாற்காலி தரையைக் கீச்சென்று பிறாண்டியது. எல்லோரும் திரும்பினார்கள். திரையில் மேடமும் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார்.

மியூட்டு எழுந்து நின்றிருந்தாள். நின்ற பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. பார்க்கத்தான் செய்தார்கள், ஒன்பது ஜோடிக் கண்கள், திரையோடு சேர்த்துப் பத்து.

"என்னம்மா?" என்றார் தலைவர். "ஏசி அதிகமா இருக்கா?"

"இல்ல சார்."

"பின்னே?"

"அக்கா வாசிக்க வேணாம் சார்." குரல் அவள் நினைத்ததைவிடச் சின்னதாக வந்தது. இன்னொரு முறை மூச்சு வாங்கிக்கொண்டாள்.

"கொஞ்சம் சத்தமா சொல்லுங்க, கேக்கல," என்றார் திரையிலிருந்த மேடம்.

"வாசிக்க வேணாம் மேடம்," என்றாள் அவள், சத்தமாக. "வாசிக்கறதைக் கேக்க அங்க ஆள் இல்ல. அறுபத்தொண்ணு ஒரு மனுஷன் இல்ல. நான் டெஸ்ட்டுக்கு வச்ச லேப்டாப் அது, பிரிண்டருக்குப் பின்னால இருக்கு. புதன்கிழமை பிளக்கைப் பிடுங்கினது நான்தான்."